இளநிலை உதவியாளர் வேலையில் வளர்ச்சி உண்டா? ஒரு விரிவான பதில்

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. எம்.எஸ்சி. முடித்துவிட்டு குரூப் 4 தேர்வு எழுதி, மாவட்ட நிலை அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. முதல் எட்டு மாதம் தபால் பிரிவு, இப்போது பணியமைப்புப் பிரிவு, அதாவது ஊழியர்களின் பணி விவரங்களைப் பார்க்கும் பிரிவு. நீங்கள் வைக்கும் குறிப்புகளில் பாதியைக் கண்காணிப்பாளர் சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்புகிறார். “படித்த படிப்புக்கும் செய்கிற வேலைக்கும் தொடர்பே இல்லை. இதில் வளர்ச்சி என்று ஒன்று இருக்கிறதா, இல்லை குரூப் 2 எழுதி வெளியேறுவதுதான் வழியா?” என்று கேட்கிறீர்கள்.

நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். நீங்கள் கேட்டதையே என் இரண்டாம் ஆண்டில் நானும் கேட்டேன். அப்போது யாரும் எனக்கு நின்று பதில் சொல்லவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வளர்ச்சி இருக்கிறது. ஆனால் அது இரண்டு தனித்தனித் தடங்களில் ஓடுகிறது. ஒன்று பதவி. காலமும் துறைத் தேர்வும் பணிமூப்பும் சேர்ந்து அதைக் கொண்டுவரும். மற்றொன்று, ஒரு கோப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை தனியாக நடத்தும் தேர்ச்சி. பதவி தானாக வந்தாலும் வரும், இந்தத் தேர்ச்சி தானாக வராது. உதவியாளர் ஆன பிறகும் ஒரு கருத்துருவை (மேலிடத்துக்கு அனுப்பும் முன்மொழிவை) உருப்படியாக எழுதத் தெரியாமல், பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்து எழுதி வாங்குபவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்களுடைய சலிப்பு பதவியைப் பற்றியது என்று நினைக்கிறீர்கள். கடிதத்தைப் படித்த பிறகு எனக்குத் தோன்றியது, அது இரண்டாவதைப் பற்றியது.

பதவியை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். இளநிலை உதவியாளர் ஊதிய நிலை 8, தொடக்கம் 19,500 ரூபாய். உதவியாளர் ஊதிய நிலை 10, தொடக்கம் 20,600. அடிப்படை ஊதியத்தில் வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம்தான் என்பதால், அந்தப் பதவி உயர்வைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது தவறு. உதவியாளர் பதவிதான் கண்காணிப்பாளர் வரிசைக்கு வாசல். கண்காணிப்பாளர் நிலையில் தொடக்கமே 36 ஆயிரத்தைத் தாண்டும். நீங்கள் உதவியாளர் ஆவதில் ஓர் ஆண்டு தாமதித்தால், அந்தத் தாமதம் அங்கேயே நிற்காது, மேலே உள்ள ஒவ்வொரு படியிலும் உங்களுக்கு முன்னால் இன்னும் பத்துப் பேரை நிறுத்திவிடும். வருவாய்த் துறையில் ஏணி வேறு மாதிரி: இளநிலை வருவாய் ஆய்வாளர், முதுநிலை வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என்று போகும். அலுவலகத்துக்குள்ளேயே இருந்து எழுதுவதும் வெளியே போய்ப் பார்ப்பதும் அங்கே மாறி மாறி வரும்.

இந்த ஏணியில் உங்கள் கையில் இருப்பவை மூன்று: தகுதிகாண் பருவம், பவானிசாகர், துறைத் தேர்வுகள்.

தகுதிகாண் பருவம் என்பது மூன்று ஆண்டுத் தொடர் பணிக்குள் இரண்டு ஆண்டு பணிக்காலம். நீண்ட விடுப்பு எடுத்தால் அது தள்ளிப்போகும். அதைவிட அதிகமாக அதைத் தள்ளிப்போடுவது அலுவலகத்தின் மறதி. பணிவரன்முறை ஆணை (நியமனத்தை முறைப்படுத்தும் ஆணை), தகுதிகாண் பருவம் முடித்ததற்கான ஆணை இரண்டும் தாமாகவே வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். தேதி வந்த அன்றே விண்ணப்பம் கொடுங்கள். நீங்கள் இருப்பதே பணியமைப்புப் பிரிவு. அடுத்தவர் கோப்பை எல்லாம் நகர்த்திவிட்டுத் தன் கோப்பைக் கிடப்பில் போட்ட பணியமைப்பு எழுத்தர்கள் நிறைய உண்டு.

ஈரோடு மாவட்டத்தில் பவானிசாகரில் இருக்கும் குடிமைப் பணியாளர் பயிற்சி நிலையத்துக்கு எப்போது பெயர் வந்தாலும் போய்விடுங்கள். வீட்டு வேலை, குழந்தையின் பள்ளி என்று ஒருமுறை தள்ளினால், அடுத்த முறை பெயர் வர எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்ல முடியாது. பல மாவட்டங்களிலிருந்து, பல துறைகளிலிருந்து வந்தவர்கள் ஒரே விடுதியில் தங்கும் இடம் அது. மாலையில் அணை ஓரம் நடந்துகொண்டே பேசியதில் எனக்குக் கிடைத்தது வகுப்பில் கிடைத்ததைவிடக் குறைவில்லை. கருவூலத்துக்கு அனுப்பும் பட்டியல் (பில்) ஏன் திரும்பி வருகிறது என்பதை ஒரு கருவூலக்காரரே விளக்கக் கேட்டது அங்கேதான்.

துறைத் தேர்வுகளைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதமும் டிசம்பரிலும் நடத்துகிறது. அலுவலக நடைமுறைத் தேர்வும் கணக்குத் தேர்வும் உங்களுக்கு முதலில் வேண்டியவை. வேறு எவை கட்டாயம் என்பதை உங்கள் துறையின் சிறப்பு விதிகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவர் சொல்லக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். பல துறைகளில் பதவி உயர்வுப் பட்டியலுக்கு மார்ச் 15-ஆம் தேதிதான் தகுதி பார்க்கும் நாள். அதாவது டிசம்பர் தேர்வைத் தவறவிட்டு அடுத்த மே மாதம் தேறினால், நீங்கள் இழப்பது ஐந்து மாதம் இல்லை, ஒரு முழு ஆண்டுப் பட்டியல். இந்தக் கணக்கு தெரியாமல் “அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம்” என்று விட்டு, தன்னைவிட இளையவர் தனக்கு மேல் கையெழுத்துப் போடுவதைக் கடைசி வரை பார்த்துக்கொண்டு இருந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் யாரும் திறமை குறைந்தவர்கள் இல்லை.

கணக்குத் தேர்வுக்குப் பயப்படுகிறவர்கள் அதிகம். அடிப்படை விதிகள், நிதி விதித்தொகுப்பு, கருவூல விதித்தொகுப்பு என்று புத்தகக் கட்டைப் பார்த்தவுடன் கை நடுங்கும். அடிப்படை விதிகள் 1922-இல் நடைமுறைக்கு வந்தவை, நடையும் அந்தக் காலத்து நடைதான். ஆனால் இவற்றை மனப்பாடம் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எந்த விதி எந்த நூலில், ஏறக்குறைய எந்த இடத்தில் இருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் எடுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அலுவலகத்தில் நாள்தோறும் உங்களுக்குத் தேவைப்படுவதும் அதுவே. தேர்வுக்குப் படிப்பது வேறு, வேலை வேறு என்று பிரித்துவிடாதீர்கள். இன்று ஓர் ஊதிய நிர்ணயக் கோப்பு வந்தால், இன்றிரவு அந்த விதியைப் படியுங்கள். இரண்டும் ஒரே உழைப்பில் முடியும்.

தேறிய பிறகு இன்னொன்று இருக்கிறது. தேர்ச்சியைப் பணிப்பதிவேட்டில் (சர்வீஸ் புக்) பதியவைக்க வேண்டும். தேர்வு முடிவு வந்த மகிழ்ச்சியில் வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு இதை மறந்துவிடுகிறோம். பட்டியல் தயாரிப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்துத் தயாரிப்பதில்லை, பணிப்பதிவேட்டைப் பார்த்துத்தான் தயாரிக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறையாவது உங்கள் பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பணிவரன்முறை, பயிற்சி, தேர்ச்சிகள், ஆண்டு ஊதிய உயர்வு, ஈட்டிய விடுப்புக் கணக்கு, வாரிசு நியமனம் எல்லாம் ஏறியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். இப்போது விடுப்பும் சம்பளப் பட்டியலும் அரசின் களஞ்சியம் செயலியில் இருக்கின்றன என்பதால் எல்லாம் தானாகவே சரியாக இருக்கும் என்று பொருள் இல்லை. உள்ளே ஏற்றியதும் ஒரு மனிதர்தான்.

இனி, நீங்கள் உண்மையில் கேட்டதற்கு வருகிறேன்.

உங்கள் குறிப்புகளைக் கண்காணிப்பாளர் அடிக்கிறார் என்கிறீர்கள். அவர் எதை அடிக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. நான் ஊகித்துச் சொல்கிறேன், பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. இரவுக்காவலர் ஒருவர் பணிப்பதிவேட்டில் தன் பிறந்த தேதியைத் திருத்தக் கேட்டு மனு கொடுக்கிறார். அவருக்கு 28 ஆண்டு பணி ஆகிவிட்டது. புதிதாக வந்த ஓர் இளநிலை உதவியாளர் இப்படி எழுதுவார்: “மனுதாரர் தமது பிறந்த தேதியினைத் திருத்தம் செய்து தருமாறு கோரியுள்ளார். மனு இத்துடன் இணைத்து வைக்கப்படுகிறது. தக்க ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது.”

இதில் பிழை ஒன்றும் இல்லை. பயனும் ஒன்றும் இல்லை. மனுவைப் படித்தாலே தெரியும் செய்தியை மறுபடி எழுதி, முடிவு எடுக்கும் வேலையை மேலே தள்ளியிருக்கிறார். கண்காணிப்பாளர் இப்போது தானே பணிப்பதிவேட்டை எடுத்து, தானே விதியைத் தேடி, தானே எழுத வேண்டும். அவர் சிவப்பு மையைத் தொடாமல் என்ன செய்வார்?

அதே கோப்பை நடத்தத் தெரிந்தவர் எழுதுவது இப்படி இருக்கும். மனுதாரர் கேட்பது இது. பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் பதிவாகியிருக்கும் பிறந்த தேதி இது. அது பள்ளிச் சான்றைப் பார்த்துப் பதிந்தது, அவரே கையெழுத்திட்டிருக்கிறார். இப்போது அவர் காட்டும் ஆதாரம் இது. விதிப்படி, பிறந்த தேதியில் திருத்தம் வேண்டுபவர் பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மனுதாரர் அந்தக் காலத்துக்குள் விண்ணப்பித்ததாகப் பதிவேட்டில் எங்கும் இல்லை. எனவே மனுவை ஏற்க இயலாது என்று விதியைக் குறிப்பிட்டு அவருக்குத் தெரிவிக்கலாம்; வரைவு ஒப்புதலுக்கு வைக்கப்படுகிறது.

என்ன கேட்கிறார், ஆவணம் என்ன சொல்கிறது, விதி என்ன சொல்கிறது, நாம் என்ன செய்யலாம். இந்த நான்கும் இந்த வரிசையில் இருந்தால் மேலே இருப்பவர் இரண்டு நிமிடத்தில் கையெழுத்துப் போடுவார். அதோடு வரைவையும் சேர்த்தே வையுங்கள். ‘ஆணை வந்த பிறகு வரைவு போடலாம்’ என்று காத்திருந்தால் ஒரு கோப்பு தேவையில்லாமல் இன்னொரு சுற்று மேலே போய் வரும்.

ஒன்று கவனியுங்கள். அந்த இரவுக்காவலருக்குக் கிடைத்த பதில் மறுப்புதான். ஆனால் அது தெளிவான பதில், காரணம் சொன்ன பதில். அதை எடுத்துக்கொண்டு அவர் மேல்முறையீடு செய்யலாம், வழக்கறிஞரைப் பார்க்கலாம், இல்லை மனத்தைத் தேற்றிக்கொண்டு ஓய்வுக்குத் தயாராகலாம். “தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது” என்ற ஒற்றை வரிக் கடிதம் இருக்கிறதே, நம் அலுவலகங்களில் எழுதப்படும் வாக்கியங்களிலேயே எனக்குப் பிடிக்காதது அதுதான். அது பெறுபவருக்கு எதையும் சொல்வதில்லை, எழுதியவருக்கு மட்டும் ஒரு நிலுவை குறைந்ததுபோல் காட்டுகிறது.

உங்கள் கருத்துக்கு எதிரான முன்கோப்பு (இதே போன்றதில் முன்பு முடிவெடுத்த கோப்பு) இருந்தால் அதையும் குறிப்பில் சொல்லிவிடுங்கள். மறைத்து எழுதி ஒப்புதல் வாங்கினால், அது வெளியே வரும் நாளில் உங்கள் மேல் இருந்த நம்பிக்கை முழுவதும் போய்விடும். எழுத்தருக்கு அலுவலகத்தில் இருக்கும் ஒரே மூலதனம் அந்த நம்பிக்கைதான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் முதல் கண்காணிப்பாளர். கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் தவற்றால் வந்தது.

பணியில் இருக்கும்போதே இறந்துபோன ஓர் அலுவலக உதவியாளரின் மனைவி, மகளுக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்டு விண்ணப்பித்திருந்தார். இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவர் நான்கே மாதத்தில் கொடுத்துவிட்டார். கோப்பு என்னிடம் வந்தது. வாரிசுச் சான்று இல்லை என்று பார்த்தேன், கடிதம் எழுதினேன். அனுப்பினார். பிறகு வருமானச் சான்று இல்லை என்று கண்டேன், இன்னொரு கடிதம். அனுப்பினார். பிறகு மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம். பிறகு கல்விச் சான்றின் சான்றொப்பமிட்ட நகல். ஒவ்வொரு முறையும் சரியான கடிதம், சரியான பார்வை எண், உரிய நாளில் அனுப்பப்பட்டது. என் தன்பதிவேட்டில் (என் இருக்கைக்கு வரும் தாள்களைப் பதியும் பதிவேடு) அந்தக் கோப்பு நிலுவையாகவே தெரியாது, எப்போதும் மனுதாரரிடம் விவரம் கேட்டிருப்பதாகவே இருக்கும். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஒரு நாள் அந்த அம்மாள் நேரில் வந்தார். நான் இருக்கையில் இல்லை, கண்காணிப்பாளரின் மேசைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். நான் திரும்பி வந்தபோது, மஞ்சள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள் மடித்து வைத்திருந்த என் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மடிப்புகளில் தாள் கிழிய ஆரம்பித்திருந்தது. ஐயா அந்த நான்கையும் தேதி வாரியாக மேசையில் வரிசையாக வைத்தார். என்னைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. “தம்பி, இந்த நாலையும் ஒரே கடிதமாக எழுதியிருக்க முடியாதா?” என்று மட்டும் கேட்டார். முதல் கடிதத்துக்கும் நான்காவதுக்கும் இடையே பதினோரு மாதம்.

முடிந்திருக்கும். விண்ணப்பம் வந்த முதல் நாளே அரசாணையை எடுத்து வைத்துக்கொண்டு எல்லாச் சான்றுகளையும் சரிபார்த்திருந்தால் போதும். நான் விண்ணப்பத்தைப் படித்திருந்தேன், ஆணையைப் படிக்கவில்லை. அந்த அம்மாள் ஒவ்வொரு சான்றுக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை முறை பஸ் ஏறினார், எத்தனை நாள் கூலியை விட்டார் என்பது என் பதிவேட்டில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

அன்று மாலையே ஐயா என்னை உட்காரவைத்து, கருணை அடிப்படை நியமனத்துக்கு என்னென்ன சான்று வேண்டும் என்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் எழுதச் சொன்னார். அடுத்த வாரம் ஓய்வூதியக் கருத்துருவுக்கு. அதற்கு அடுத்த வாரம் குடும்ப ஓய்வூதியத்துக்கு. ஓய்வுபெறும்போது என்னிடம் அப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட பட்டியல்கள் இருந்தன. என் இருக்கைக்கு வந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நீங்கள் கேட்கும் வளர்ச்சி எனக்கு அந்த மாலையில்தான் தொடங்கியது. அப்போது என் சம்பளத்தில் ஒரு ரூபாய் கூடவில்லை.

ஆகவே நீங்களும் உங்கள் இருக்கையில் அடிக்கடி வரும் ஐந்தாறு வகைக் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியலும் அதற்கான அரசாணைகளும் சேர்த்து ஓர் இருப்புக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். குறைகளை ஒரே கடிதத்தில் கேளுங்கள். மக்களுக்குப் போகும் கடிதத்தை எளிய தமிழில் எழுதுங்கள். ஆட்சிமொழிச் சட்டம் 1956-இலேயே வந்துவிட்டது. ஆனால் தமிழில் எழுதினாலும் புரியாமல் எழுத முடியும் என்பதை நாம் நாள்தோறும் நிரூபிக்கிறோம். பத்தாம் வகுப்புப் படித்தவர் ஒருமுறை வாசித்தால் தான் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று தெரிய வேண்டும். அதுதான் அளவு.

பதிவேடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தபால் பிரிவில் கழித்த எட்டு மாதத்தை வீணாகப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தாள் எந்தப் பிரிவுக்குப் போகும் என்பது தபால் பிரிவில் இருந்தவருக்குத்தான் தெரியும். அலுவலகத்தின் முழு வரைபடம் அது. நம் மாவட்ட அலுவலகங்களில் இன்றும் நடப்பது டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் வழங்கும் முறை. வரும் தாள் ஒவ்வொன்றுக்கும் எண், அந்த எண்ணுக்குத் தன்பதிவேட்டில் இடம், அது எங்கே போனது, எப்போது நினைவூட்டினோம், எப்படி முடிந்தது என்ற குறிப்பு. மின் அலுவலகம் வந்துவிட்ட இடங்களில் எண் கணினியே போடுகிறது. ஆனால் நினைவூட்ட வேண்டுமா, நேரில் பேச வேண்டுமா, இல்லை மேலதிகாரி கையெழுத்தில் கடிதம் போக வேண்டுமா என்று கணினி சொல்லாது. காலை 10 மணிக்கு வந்தவுடன் முதல் அரைமணி நேரத்தைப் பதிவேட்டுக்கோ நிலுவைத் திரைக்கோ கொடுங்கள். இன்று நினைவூட்ட வேண்டியவை எவை, இந்த வாரம் போகவேண்டிய அறிக்கைகள் எவை என்று குறித்துக்கொண்ட பிறகு புதுத் தபாலைத் தொடுங்கள். தலைகீழாகச் செய்தால் நாள் முழுவதும் யார் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் வேலையைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள்.

மூன்று பட்டியலைத் தனியாக வையுங்கள். நீதிமன்ற வழக்குகள்: “எட்டு வாரத்துக்குள் பரிசீலித்து ஆணை பிறப்பிக்க வேண்டும்” என்று தீர்ப்பு வந்திருந்தால் அந்தக் கடைசி நாளைச் சிவப்பில் எழுதுங்கள், தவறினால் அவமதிப்பு வழக்கில் நிற்பது உங்கள் அலுவலகத் தலைவர். தகவல் உரிமைச் சட்ட மனுக்கள்: 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாள், தாமதத்துக்குப் பொதுத் தகவல் அலுவலர் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை தன் கையிலிருந்து கட்ட நேரிடும். அடுத்து, வரும் ஆண்டில் ஓய்வுபெறப் போகிறவர்கள். இதை ஜனவரியிலேயே எழுதி, அவர்களுடைய பணிப்பதிவேட்டில் உள்ள குறைகளை அப்போதே தீர்க்கத் தொடங்குங்கள். ஓய்வுபெற்று ஆறு மாதமாக ஓய்வூதியம் வராமல், தான் வேலை பார்த்த அலுவலகத்தின் வராந்தாவிலேயே வந்து உட்காரும் ஒருவரின் முகத்தைப் பார்ப்பதைவிடக் கடினமானது இந்த வேலையில் வேறில்லை.

இருக்கை மாறும்போது எச்சரிக்கையாக இருங்கள். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன், அதில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் கண்ணால் பாருங்கள். இல்லாத கோப்புக்கு எதிரே “பெறப்படவில்லை” என்று எழுதுங்கள். கொடுப்பவர் நண்பராக இருந்தாலும் சரி, நாளைக்குத் தருகிறேன் என்றாலும் சரி. காணாமல் போன கோப்புக்கு விளக்கம் கேட்கப்படுவது கடைசியாகக் கையெழுத்துப் போட்டவரிடம்தான். விளக்கம் நிறைவாக இல்லையென்றால் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்படி சிறு தண்டனைக்கான 17(அ), முற்றினால் பெரும் தண்டனைக்கான 17(ஆ) குற்றக் குறிப்பாணை. 17(ஆ) நிலுவையில் இருக்கும்போது பதவி உயர்வு எட்டாக் கனி.

அதே காரணத்துக்காக வாய்மொழி உத்தரவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘இப்படி எழுது’ என்று அதிகாரி வாயால் சொல்வது வழக்கம்தான், பெரும்பாலும் அதில் தவறு இருக்காது. விதிக்கு மாறாகத் தோன்றினால் எதிர்த்து வாதாட வேண்டாம். குறிப்பில் விதியை முதலில் எழுதுங்கள், பிறகு “தங்கள் வாய்மொழி அறிவுறுத்தலின்படி வரைவு வைக்கப்படுகிறது” என்று எழுதி மேலே அனுப்புங்கள். நியாயமான அதிகாரி அதைப் பார்த்துத் தானே சிந்திப்பார். நியாயமில்லாதவர் கோப்பை உங்களிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுப்பார். இரண்டும் உங்களுக்கு நல்லதே. முன்தேதியிட்டு எதையும் எழுதாதீர்கள், ஒரே ஒரு முறைகூட. கோப்பு நகர்வதற்காக யாராவது மேசையில் எதையாவது வைத்தால், அது டீக்காசு என்று சொல்லப்பட்டாலும் தொடாதீர்கள். முதல் முறை மறுப்பதுதான் கடினம், பிறகு ஊருக்கே தெரிந்துவிடும்.

குரூப் 2 பற்றி. படியுங்கள், தாராளமாகப் படியுங்கள். அலுவலகத்துக்கு முறையாகத் தெரிவித்துவிட்டு எழுதுங்கள். குரூப் 2ஏ வழியாக நேரடியாக உதவியாளர் பதவிக்கே போகலாம், ஆனால் வேறு துறையில் பணிமூப்பு முதலிலிருந்து தொடங்கும். நான்கைந்து ஆண்டு ஆன பிறகு போவதானால் இரண்டு துறைகளின் பதவி உயர்வு வேகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றரை ஆண்டில் போவதில் இழப்பு பெரிதாக இல்லை. நான் தடுக்க நினைப்பது ஒன்றே ஒன்று: குரூப் 2 வரும்வரை இங்கே பொழுதைப் போக்குவது. அங்கே போனாலும் உங்கள் மேசைக்கு வரப்போவது கோப்புதான். இங்கே எழுதத் தெரியாதவர் அங்கே இன்னும் பெரிய கோப்பின் முன் உட்காருவார், அங்கே சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது.

உங்கள் எம்.எஸ்சி. வீண் என்றும் நினைக்காதீர்கள். நிலுவைப் பட்டியலையும் ஓய்வுபெறுவோர் பட்டியலையும் கணினி விரிதாளில் போட்டு, தேதி வாரியாக அடுக்கி, மாதாந்திரக் கூட்டத்துக்கு முதல் நாளே கண்காணிப்பாளரிடம் நீங்களாகக் கொடுத்துப் பாருங்கள். பழைய கடிதங்கள் இன்னும் வானவில் என்ற பழைய எழுத்துருவில் கிடந்தால், அடிக்கடி தேவைப்படும் இருபதை யூனிகோடில் மாற்றி வையுங்கள். மூன்று மாதத்தில் அலுவலகம் உங்களைத் தேடி வரும். அப்படி வரும்போது எல்லாருடைய தட்டச்சு வேலையும் உங்கள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறிப்பாகப் பெண்களைத் தபாலிலும் கணினியிலுமே ஆண்டுக்கணக்கில் உட்காரவைத்துவிடும் பழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. கணக்கு, நீதிமன்றம், பணியமைப்பு என்று பிரிவு மாற்றிக் கேட்டு எழுத்திலேயே விண்ணப்பம் கொடுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும்.

பதிவறை எழுத்தரோடு நல்ல முறையில் பழகுங்கள். 1990-களின் முடிந்த கோப்பு எந்த அலமாரியில் எந்தக் கட்டில் இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் எடுத்துக்கொடுக்கும் ஒரு பழைய கோப்பைப் படித்தால், அதே சிக்கலை முப்பது ஆண்டுக்கு முன்னால் ஒருவர் எவ்வளவு நேர்த்தியாக எழுதித் தீர்த்திருக்கிறார் என்பது தெரியும். நான் மதிய உணவுக்குப் பிறகு பத்து நிமிடம் அப்படிப் படித்தே பாதி வேலையைக் கற்றேன்.

சிவப்பு மையில் அடித்து வந்த குறிப்புகளை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதும்போது, பழையதைக் கிழித்துப் போடாதீர்கள். கோப்பில் வைக்க முடியாவிட்டால், எதை அடித்தார், என்ன எழுதினார் என்று ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்துப் புரட்டினால் ஒரே வகைத் திருத்தம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். பெரும்பாலும் அது விதியைக் குறிப்பிடாததாக இருக்கும், அல்லது பரிந்துரை இல்லாததாக இருக்கும். அது உங்கள் கண்காணிப்பாளரின் பிடிவாதமாக மட்டுமே இருந்தால் அதுவும் தெரிந்துவிடும். முடிந்தால், மனுதாரர் பெயரையும் அலுவலகப் பெயரையும் விட்டுவிட்டு, ஒரு திருத்தத்தை மட்டும் உங்கள் சொற்களில் எனக்கு எழுதுங்கள். எந்த வரியில் அடி விழுந்தது, ஏன் விழுந்தது என்று சேர்ந்து பார்க்கலாம்.